ஒருவரும் மறுக்காத சபை

அப்பா இறந்தபோது மரண அறிவித்தலை எழுதியவர் என் கணவர். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலில் இறந்தவரைவிட இருக்கிறவர்களைப் பற்றித்தான் கூடுதலாக இருக்கும். பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள் என்று வரிசையாகப் பெயர், பெயருக்குப் பக்கத்தில் நாடு, சொல்லக்கூடிய உத்தியோகம் என்றால் அதுவும். எனக்கு 'ஜெர்மனி' என்று மட்டும் போட்டார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறவள் என்று போட முடியாதுதானே. தங்கச்சிக்கு 'ஆசிரியை, கிளிநொச்சி'. அண்ணையின் பெயருக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'பாராளுமன்ற உறுப்பினர், கனடா' என்று தட்டினார்.

அது பாராளுமன்றம் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிரதேச சட்டசபை என்று போடச் சொன்னேன். அப்படிப் போட்டால் வாசிக்கிற சனத்துக்கு விளங்காது என்றார். செத்தவீட்டு நேரத்தில் யார் சண்டை பிடிப்பது? டுசல்டோர்ஃபிலும் அக்கம் பக்கத்திலும் இருக்கிற எங்கள் சனம் முழுக்க அதை வாசித்தது. அன்றிலிருந்து கடையிலும் கோயிலிலும் நான் கனடா எம்.பி.யின் தங்கச்சி ஆனேன். என் கணவர் அதை ரசித்தார். வரிசையில் நிற்கும்போது அவருடைய நெஞ்சு சற்று முன்னுக்கு வரும்.

அண்ணை எண்பதுகளின் கடைசியில் கனடா போனவர். டொரண்டோவில் இரண்டு வருடம் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். ஊரில் அவர் மின்சார வேலை பழகியவர். வடக்கே, தூரத்தில், ஓர் ஊரில் ஜெனரேட்டர் பார்க்க ஆள் தேவை என்று அறிந்து, எவ்வளவு வடக்கு என்று வரைபடத்தில்கூடப் பார்க்காமல் விமானம் ஏறினார். பெரிய ஏரிக்கரையில் சின்ன ஊர். பாதி வருடம் பனி. ஏரி உறைந்தால் அதற்கு மேலாக லொறி ஓடும், உருகினால் படகில் சாமான் வரும், இரண்டும் இல்லாத காலத்தில் விமானம் வந்தால் உண்டு. அங்கே இருப்பவர்கள் அந்த மண்ணின் ஆதிக்குடிகள். ஒரு குளிர்காலம் இருந்து பார்ப்போம் என்று போனவர், அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் முடித்து, அவர்களுடைய பாஷையை அரைகுறையாகப் பேசிக்கொண்டு இருந்துவிட்டார்.

அவரை அரசியலுக்குக் கொண்டுபோனது அந்த ஜெனரேட்டர்தான். நாற்பது பாகை உறைகுளிரில் மின்சாரம் நின்றால் ஒரு ஊரே விறைத்துப்போகும். சனம் எந்த நேரத்திலும் அவரைத்தான் கூப்பிடும். அவர் எழும்பிப் போவார். இப்படியே எல்லா வீட்டு அடுப்படியும் அவருக்குப் பழக்கமானது. முதலில் ஊர்ச்சபைக்குப் போட்டார்கள், பிறகு பிரதேச சட்டசபைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கட்சி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவரும் தன் பாட்டுக்குத் தனியாக நின்று வெல்ல வேண்டும், வென்றவர்கள் கூடியிருந்து தங்களுக்குள் முதல்வரைத் தெரிய வேண்டும். அண்ணை தன்னுடைய சின்னச் சின்ன ஊர்களுக்கு விமானத்திலும் பனிவண்டியிலும் போய் வாக்குக் கேட்டு, மயிரிழையில் வென்றார். தொலைபேசியில் அதைச் சொன்னபோது, அவருடைய தொகுதியின் மொத்தச் சனத்தையும் எங்கள் ஊர்க் கோயில் வீதியில் இருத்தலாம் என்று சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் மூன்று பேர். அண்ணை, நான், சின்னவள். அண்ணையும் நானும் வெளியேறினோம், சின்னவள் அப்பாவைப் பார்க்க நின்றாள். அப்பா போன பிறகாவது வா என்று இரண்டு பக்கமிருந்தும் சொன்னோம். அவள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டாள். அடுத்த வருடம் பார்ப்போம் என்றாள். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பிறந்தபோது கிளிநொச்சியில் சனம் இல்லை. போருக்குத் தப்பி எல்லோரும் கிழக்கே கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள், அவளும் அவர்களோடு போனாள். தை மாதத்தில் யாரோ ஒருவருடைய தொலைபேசியிலிருந்து ஒருமுறை எடுத்தாள். இருக்கிறேன் என்றாள், குடிக்கத் தண்ணீர்தான் கஷ்டம் என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்தது. அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அந்த மாதங்களில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், கிழங்கு உரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் ட்ராமில் போவேன், உரிப்பேன், அவிப்பேன், கழுவுவேன், வீட்டுக்கு வந்து கணினியில் செய்தி பார்ப்பேன். ஊர்வலங்களுக்குப் போனேன், கத்தச் சொன்னபோது கத்தினேன். பயமாக இருந்ததா என்றால், தொடக்கத்தில் இருந்தது. பிறகு பல்லுக்கு மருந்து ஏற்றின பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. தொட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

அப்போதுதான் அண்ணை ஜெர்மனிக்கு வந்தார். அவருடைய பிரதேசத்துக்கு வானத்தில் பச்சை ஒளி பார்க்க ஜெர்மன்காரர்கள் நிறையப் போவார்களாம். இன்னும் ஆட்களைப் பிடிக்கலாம் என்று பெர்லினில் நடந்த சுற்றுலாக் கண்காட்சி ஒன்றுக்கு அரசாங்கம் ஒரு குழுவை அனுப்பியது. அதில் அவரும் ஒருவர். நாலு நாள் கடை விரித்து நின்று விளக்கம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை ரயிலில் எங்களிடம் வந்தார். இருபது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். தலை வெளுத்து, கன்னம் பனியில் கறுத்திருந்தது. கட்டிப்பிடித்துவிட்டு, சின்னவளிடமிருந்து ஏதும் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். சப்பாத்தைக் கழற்றினார்.

சாப்பாட்டு மேசையில் என் கணவர் அவரை விடவில்லை. சட்டசபையில் எப்படிப் பேசுவீர்கள், உங்களுக்குக் கார் தந்திருக்கிறார்களா என்று எடுத்ததற்கெல்லாம் கேள்வி. அண்ணை பொறுமையாகச் சொன்னார். மண்டபம் வட்டமாக இருக்கும், எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்த்தபடி இருக்க வேண்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவது அங்கே பெரிய மரியாதைக்கேடு. காலையில் ஒவ்வொருவருக்கும் தன் ஊர்ப் பாடு சொல்ல இரண்டரை நிமிடம். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் நன்றியுரையே அரை மணித்தியாலம் என்று என் கணவர் சொல்ல, அண்ணை சிரித்தார்.

"நேரம் முடிஞ்சால் சபாநாயகர் நிப்பாட்டுவார்" என்றார். "மிச்சத்தையும் சொல்லி முடிக்க எல்லாரும் சம்மதமோ எண்டு நாங்கள் கேக்கோணும். ஒரே ஒரு ஆள் மறுத்தாலும் கதிரையில இருக்கோணும். ஆனால் நான் போன காலத்தில இருந்து ஒருத்தரும் மறுத்ததில்லை. எங்கட இடத்தில அது செய்யமாட்டினம்."

பிறகு, கேட்காமலே, சவம் புதைக்கக் கிடங்கு வெட்டுகிற கதையைச் சொன்னார். குளிர்காலத்தில் அங்கே நிலம் பாறையாக இறுகிவிடும், மண்வெட்டி இறங்காது. அதனால் இலையுதிர் காலத்திலேயே, பனி விழ முன், மயானத்தில் சில கிடங்குகளை வெட்டிப் பலகையால் மூடி வைப்பார்கள். யாருக்கு என்று தெரியாது. எத்தனை வெட்டுவது என்று ஊர்ச்சபைதான் தீர்மானிக்க வேண்டும். அவர் ஊர்ச்சபைக்குப் போன முதல் வருடம் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். ஒரு எண்ணைச் சொன்னால் அத்தனை பேருக்கு நாள் குறிப்பதுபோல. கடைசியில் ஒரு கிழவி, போன வருடத்து அளவே இருக்கட்டும் என்றாளாம். குளிர்காலம் முழுக்க அந்தப் பலகைகளைக் கடந்துதான் ஜெனரேட்டருக்குப் போக வேண்டும் என்றார். நான் எழும்பிக் கோப்பைகளை எடுத்தேன். சின்னவள் எங்கே படுத்திருக்கிறாள் என்று தெரியாத நேரத்தில் இந்தக் கதையை ஏன் சொல்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் வரவேற்பு. என் கணவரும் பள்ளிக்கூட அதிபரும் சேர்ந்து, அண்ணையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்பாடு செய்திருந்தார்கள். இருபது முப்பது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். போய்ப் பார்த்தால் மண்டபம் நிரம்பி, ஆட்கள் படிக்கட்டிலும் நின்றார்கள். எஸ்ஸனிலிருந்தும் டோர்ட்முண்டிலிருந்தும் ரயில் பிடித்து வந்திருந்தார்கள். அதிபர் பொன்னாடையோடு நின்றார். வந்தவர்கள் கையில் பூ இல்லை, படங்கள். கல்யாணப் படத்தில் வெட்டியெடுத்த முகம், அடையாள அட்டையின் பிரதி, பள்ளிக்கூடச் சீருடையில் பிள்ளைகள். கனடாப் பாராளுமன்றத்தில் எங்களுடைய ஆள் ஒருவர் இருக்கிறார், நேரே கொடுத்தால் கப்பல் அனுப்பியாவது அங்கே அகப்பட்டவர்களை எடுப்பார்கள் என்று கதை பரவியிருந்தது. அப்பாவின் மரண அறிவித்தலை மடித்து வைத்திருந்து எடுத்துக்கொண்டு வந்த ஒருவரையும் கண்டேன்.

அண்ணை வாசலில் நின்று அந்தப் படங்களைப் பார்த்தார். என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். என் கணவர் நிலத்தைப் பார்த்தார். பொன்னாடையைப் போர்க்க வந்த அதிபரின் கையை அண்ணை பிடித்து, வேண்டாம் ஐயா என்று இறக்கினார். மேடையில் ஏறவில்லை. கதிரைகளுக்கு நடுவில் நின்றே சொன்னார்.

"நான் பெரிய பாராளுமன்றத்து ஆள் இல்லை. அது தவறாப் போட்டது. எங்கட சபை சின்னச் சபை. தண்ணி லொறி வராட்டி, ஹீற்றர் வேலை செய்யாட்டி, சனம் எனக்கு எடுக்கும். வெளிநாட்டு அலுவல் எங்களிட்டை வராது. நான் ஏதும் செய்யிறன் எண்டு சொல்லி உங்கட படத்தை வாங்கினால், அது பொய். என்ர தங்கச்சியும் அங்கதான் நிக்கிறா. அவவுக்கே ஒண்டும் செய்ய ஏலாமல்தான் இருக்கிறன்."

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் மட்டும், அப்ப இதைக் கொண்டுபோய் ஆரிட்டை குடுக்கிறது தம்பி என்று கேட்டார். ரயில் இருக்கிறது என்று சிலர் எழும்பிப் போனார்கள். மற்றவர்கள் போகவும் மனமில்லாமல் இருக்கவும் காரணமில்லாமல் இருந்தார்கள். பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதிபர் அதைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு நின்றார்.

அப்போது அண்ணை கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார். தன் இடத்தில் இப்படித்தான் செய்வோம் என்றார். தீர்வு இல்லாத விஷயத்துக்கும் வட்டமாக இருந்து, ஒவ்வொருவராகச் சொல்லி, மற்றவர்கள் கேட்பார்களாம். எனக்குக் கோபம் வந்தது. செபக்கூட்டத்துக்கா இவர்கள் காசு கொடுத்து ரயிலேறி வந்தார்கள்? ஆனால் சனம் கதிரைகளை இழுத்தது. அந்த அம்மாதான் முதலில் படத்தைத் தூக்கிப்பிடித்து, இது என்ர கடைசி மகள் என்று தொடங்கினார். ஒவ்வொருவரும் சொன்னார்கள். என்ன பிடிக்கும், எங்கே படித்தது, கடைசியாக எங்கே நின்றது. குறுக்கே பேசாமல் எங்கள் ஆட்கள் ஒரு கூட்டம் நடத்தியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணை முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டார். என் முறை வந்தபோது, உங்களுக்குத் தெரியும்தானே என்று சொல்லி அடுத்தவரைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணையைப் பிடித்துக்கொண்டேன். தன் பகுதிக்கான கனடாப் பாராளுமன்ற உறுப்பினரிடம் அவர் சின்னவளின் விவரத்தைக் கொடுத்திருக்கிறார், வெளிநாட்டமைச்சுக்குப் பலமுறை எடுத்திருக்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். அது போதாது என்றேன். வட்டமாக இருந்து கதைக்கிற அந்தச் சபையில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்க முடியாதா என்று கேட்டேன். அங்கே அதற்கு இடமில்லை, அது தொகுதிப் பிரச்சினை இல்லை, எழும்பினால் சபாநாயகர் இருத்திவிடுவார் என்றார்.

"கதைச்சுத்தான் என்ன பிள்ளை? அவையள் பாவங்கள். அவையளால என்ன அனுப்ப ஏலும்? தண்ணி லொறியோ?"

"தண்ணி லொறியெண்டாலும் அனுப்புங்கோ" என்றேன்.

என் கணவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்ப் படுத்தார். ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் அண்ணை என் தலையைத் தொட்டு, போயிட்டு வாறன் என்றார். நான் குளிருக்குத் தொப்பியைப் போடச் சொன்னேன். அவர் வாழ்கிற இடத்துக்கு அதைச் சொல்லவா வேண்டும்?

வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். சின்னவளைப் பற்றி ஆனியில்தான் தெரிந்தது. அவளோடு படிப்பித்த ஒரு ஆசிரியை அகதி முகாமிலிருந்து எப்படியோ தொலைபேசி எடுத்தா. சித்திரையில், தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது, ஷெல் விழுந்ததாம். இன்னும் சிலரோடு சேர்த்து அங்கேயே மண்ணைப் போட்டு மூடிவிட்டு ஓடினார்களாம். இடம் சொல்லத் தெரியவில்லை என்று அவ அழுதா. நான் அவவுக்கு ஆறுதல் சொன்னேன். இரண்டு மாதமாக, செத்துப்போனவளுக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். ஓம் என்றார். தண்ணீர் வரிசையில் என்று சொன்னபோது, திரும்பவும் ஓம் என்றார். பிறகு நான் வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஐம்பது பேருக்குக் கிழங்கு சலாட். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சனி ஞாயிறு லீவில் வரும் என்று நினைத்தேன், அப்போதும் வரவில்லை. இந்தமுறையும் மரண அறிவித்தலை என் கணவர்தான் எழுதினார். அண்ணைக்கு என்ன போடுவது என்று மெல்லிய குரலில் கேட்டார். அண்ணன் என்று மட்டும் போடுங்கோ என்றேன்.

ஒரு கிழமை கழித்து, நான் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம் அண்ணை எடுத்தார். அங்கே முதல்நாள் இரவு, ஆனாலும் ஆனி மாதத்தில் அவர்களுக்கு வெளிச்சம் போகாது. இன்றைக்குச் சபையில் அவளைப் பற்றிக் கதைத்தேன் என்றார். சபாநாயகர் இருத்தவில்லையா என்று கேட்டேன். இல்லையாம். உறுப்பினர்கள் தங்கள் வீட்டுச் சாவைச் சொல்வது வழக்கம்தானாம், அதற்கு இடம் உண்டாம். உயிரோடு இருக்கும்போதுதான் இடமில்லை.

யார் செய்தது, ஏன் நடந்தது என்று ஒன்றும் சொல்லவில்லை என்றார். என் தங்கச்சி ஒரு ஆசிரியை, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கியவள், எங்கள் அப்பாவைக் கடைசிவரை பார்த்தவள், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் இறந்தாள், அவளுக்குக் கிடங்கு வெட்டி வைத்திருக்க ஒருவரும் இருக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதை அங்கே உள்ளவர்களுடைய பாஷைகளில் மொழிபெயர்த்தார்களாம். அண்ணி வீட்டில் வானொலியில் கேட்டாவாம்.

"இரண்டரை நிமிசம் முடிஞ்சுது" என்றார். "மிச்சத்தைச் சொல்லி முடிக்கச் சம்மதமோ எண்டு கேட்டன். ஒருத்தரும் மறுக்கேல்லை. எல்லாரும் என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவை. நான் அப்பிடியே நிண்டன். என்னட்டை மிச்சம் ஒண்டும் இருக்கேல்லை, பிள்ளை."

பேந்து என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பேந்து இருந்திட்டன். அடுத்த ஆள் எழும்பி விமானத் தளத்து லைற் பழுதாப் போனதைப் பற்றிக் கதைச்சார்."

ஜன்னலால் பார்த்தேன், என் ட்ராம் வந்து நின்று போனது. அடுத்தது பத்து நிமிடத்தில். வேலைக்கு நேரமாகிறதா என்று அண்ணை கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஒண்டும் கதைக்க இல்லை" என்றார். "சும்மா இன்னும் கொஞ்ச நேரம் இதில நிக்கட்டோ?"

நான் மறுக்கவில்லை.